ஏழு சுரங்களும் ஒரு கிழவரும்: ‘ப்ராமிசஸ்’ ஆல்பத்தைக் கேட்க ஒரு முழு வழிகாட்டி

நண்பர் ஒருவருக்கு இந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பொறுமையாக இருந்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்: “சரி, இது எப்போ ஆரம்பிக்கும்?”

அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் தடவை நானும் அப்படித்தான் கேட்டேன், மனசுக்குள். பேருந்தில், சன்னலோரம், ஒரு காது மட்டும் வேலை செய்த இயர்போனில் கேட்டேன். மசாஜ் நிலையத்தில் பின்னணியில் ஓடவிடுவார்களே, அந்த மாதிரி என்று முடிவுகட்டி அணைத்துவிட்டேன். மறுபடி கேட்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் உங்களுக்கு வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆல்பத்தின் பெயர் ‘ப்ராமிசஸ்’. 2021 மார்ச்சில் லுவாகா பாப் நிறுவனம் வெளியிட்டது. அட்டையில் மூன்று பெயர்கள்: ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், ஃபேரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. முதலாமவர் இங்கிலாந்தின் மின்னணு இசைக் கலைஞர் சாம் ஷெப்பர்ட். மேடைப் பெயர்தான் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ். இரண்டாமவர் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர், ஒலிப்பதிவின்போது வயது 78. மூன்றாவது, நூற்றாண்டு கடந்த வாத்தியக் குழு. மொத்தம் 46 நிமிடம், ஒன்பது பகுதிகள். பகுதிகளுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. ‘மூவ்மெண்ட் 1’, ‘மூவ்மெண்ட் 2’ என்று எண்கள்தான்.

இது ஜாஸ் என்றால் டிரம்ஸ் எங்கே? கனத்த அடிச்சுரம் தரும் பாஸ் எங்கே? இரண்டும் இல்லை. மேற்கத்தியச் செவ்வியல் என்றால் நடுவில் நிற்பவர் கையில் டெனர் சாக்ஸபோன். மின்னணு இசை என்றால் ஆடுவதற்குத் தாளம் இல்லை. எந்த அலமாரியில் வைப்பது என்று இசைத்தட்டுக் கடைக்காரருக்கே குழப்பம் வரும். நாம் அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒத்திப்போடலாம். பின்னால் வருகிறேன்.

படி 1: உட்காருவதற்கு முன்னால்

இது பாட்டுகளின் தொகுப்பு இல்லை, ஒரே பாட்டு. பகுதிக்கும் பகுதிக்கும் நடுவில் ஒலி அறுபடாது. அதனால் செயலியில் ‘ஷஃபிள்’ அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து ‘கிராஸ்ஃபேட்’. பலருக்கு அது இயங்குவதே தெரியாது. ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் வசதி அது. கல்யாண வீட்டுக்கு நன்றாக இருக்கும், இங்கே காரியத்தைக் கெடுத்துவிடும். விளம்பரம் குறுக்கே வரும் இலவசக் கணக்கில் கேட்காதீர்கள். ஐந்தாம் பகுதி முடிந்து ஆறாம் பகுதி தொடங்கும் இடத்தில் ஒருவர் வந்து வீட்டுக்கடன் விற்றால் எப்படி இருக்கும்?

ஒலி அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தொடக்கம் மிக மெல்லியது. ‘கேட்கவே இல்லையே’ என்று கூட்டிவைத்தால் ஆறாம் பகுதியில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும்போது காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஆறாம் பகுதியின் நடுவில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, அது தாங்கும் அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, முதலுக்குத் திரும்புங்கள். கதையின் முடிவை முன்கூட்டியே பார்க்கும் குற்றம்தான், ஆனாலும் இதில் நட்டமில்லை.

ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா? முதல் தடவைக்கு ஹெட்ஃபோன். காதை மூடும் வகை இருந்தால் இன்னும் நல்லது. காரணம் மூன்றாம் படியில். மின்விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். சென்னை மே மாதத்தில் என்றால் மன்னித்தேன்.

படி 2: முதல் கேட்பில் ஏழு சுரங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆல்பம் தொடங்கியதும் ஒரு சின்னச் சொற்றொடர் கேட்கும். ஏழு சுரங்கள். பியானோ, ஹார்ப்சிகார்ட், செலஸ்டா மூன்றும் ஒன்றாகக் கலந்த ஒலி. ஹார்ப்சிகார்ட், பியானோவுக்கு மூத்த வாத்தியம். கம்பியைச் சுத்தியால் அடிக்காமல் மீட்டும், அதனால் ஒலியில் ஒரு கூர்மை இருக்கும். செலஸ்டாவில் சுத்தி உலோகத் தகட்டில் படும், அதனால் மணி மாதிரி இருக்கும். இரண்டும் பியானோவோடு சேரும்போது ஒரே வாத்தியம் போலவும் தோன்றும், எதுவென்று சொல்ல முடியாமலும் இருக்கும்.

சொற்றொடர் வரும். அடங்கும். ஒரு சின்ன இடைவெளி. மறுபடி வரும். பத்து நொடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். இது ஆல்பத்தின் பெரும்பகுதி முழுக்க விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. என் நண்பர் ‘எப்போ ஆரம்பிக்கும்’ என்று கேட்டதற்குக் காரணமே இதுதான். அது முகப்பு இசை, முடிந்ததும் உண்மையான பாட்டு வரும் என்று அவர் காத்திருந்தார். அது முகப்பு இல்லை, தரை. அதன்மேல்தான் எல்லாரும் நடக்கிறார்கள்.

நமக்கு உடனே தம்புரா நினைவுக்கு வரும். வரட்டும், தொடக்கத்துக்கு உதவும். கச்சேரியில் தம்புராவை யாரும் உற்றுக் கேட்பதில்லை, ஆனால் அது நின்றால் உடனே தெரிந்துவிடும். ஆனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்க வேண்டாம். தம்புரா ஆதார சுருதியைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்த ஏழு சுரம் ஒதுங்காது. அதற்கு ஒரு மனநிலை உண்டு. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் ஒவ்வொரு முறையும் முடியும்.

முதல் கேட்பில் வேறு எதையும் ஆராயாதீர்கள். இந்தச் சொற்றொடர் வரும் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ‘வந்தது’ என்று குறித்துக்கொண்டால் போதும். நாலைந்து நிமிடத்தில் அலுக்கும். எட்டாவது நிமிடத்தில் எரிச்சல் வரலாம். விடாதீர்கள். ஒரு கட்டத்தில் நீங்கள் அதைக் கவனிப்பதையே மறந்துவிடுவீர்கள். அப்புறம் திடீரென்று நினைவு வந்து பார்த்தால் அது அங்கேயே இருக்கும். சுற்றியிருப்பது மட்டும் மாறியிருக்கும். அது நடந்துவிட்டால் முதல் கேட்பு வெற்றி.

படி 3: மனிதரைக் கேளுங்கள்

இரண்டாவது கேட்பு முழுக்க ஃபேரோ சாண்டர்ஸுக்கு. இதற்குக் கொஞ்சம் முன்கதை தெரிந்திருப்பது நல்லது.

1940இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஃபெரல் சாண்டர்ஸ். அறுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க் வந்தபோது தங்க இடமில்லாமல் தெருவில் படுத்த காலம் உண்டு. இசைக்குழுத் தலைவர் சன் ரா அவருக்கு இடம் கொடுத்தார். ‘ஃபேரோ’ என்று அழைத்ததும் அவர்தான் என்பார்கள். 1965இல் புகழ்பெற்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு ஜூனில் கோல்ட்ரேன் பதிவுசெய்த ‘அசென்ஷன்’ ஆல்பத்தில் சாண்டர்ஸும் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 24. காதைக் கிழிக்கும் வாசிப்பு அது. ரீடை, அதாவது நம் நாதஸ்வரக்காரர்கள் சீவாளி என்று சொல்லும் அந்தப் பகுதியை, மிகையாக ஊதி ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரம் கிளம்ப வைப்பார். அலறல், உறுமல், கிழிசல் எல்லாம் ஒரே மூச்சில். அந்தக் காலத்தில் ‘இது இசையா’ என்று எழுந்து போனவர்களும் உண்டு.

கோல்ட்ரேன் 1967இல் இறந்துபோனார். அடுத்த சில ஆண்டுகளில் சாண்டர்ஸ் வேறு ஒரு பாதையைப் பிடித்தார். 1969இல் வந்த ‘கர்மா’ ஆல்பத்தில் ஒரே படைப்பு 32 நிமிடத்துக்கு மேல் ஓடும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் மறுபக்கத்திலும் தொடர்ந்தது. அடியில் ஒரு பாஸ் சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும், மேலே அவர் கொதித்து எழுவார், மறுபடி அடங்குவார்.

இங்கே ஒரு கோயம்புத்தூர்த் தொடர்பு உண்டு. சொல்லாமல் போக மனசு வரவில்லை. கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பெயரில் இருப்பவர் சுவாமி சச்சிதானந்தர், கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் நடந்த 1969 உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் இவரே. அந்த ஆல்பத்தில் பாஸ் ஒரே சொற்றொடரைத் திருப்பித் திருப்பி வாசிக்கும், பின்னால் நிஜத் தம்புரா ஒலிக்கும், மேலே சோப்ரானோ சாக்ஸபோன் வாசிப்பவர் ஃபேரோ சாண்டர்ஸ். ஐம்பது ஆண்டு கழித்து ‘ப்ராமிசஸ்’ வந்தபோது, திரும்பிவரும் ஒரு சொற்றொடர்மேல் தனியாக நிற்பது அவருக்குப் புதிய ஊர் இல்லை. பழகிய தெருதான்.

சரி, இப்போது ஆல்பத்துக்கு வாருங்கள். ஏழு சுரம் சில சுற்றுகள் வந்து போன பிறகு சாக்ஸபோன் நுழைகிறது. எப்படி நுழைகிறது என்று பாருங்கள். கதவைத் தட்டி வரவில்லை. ஏற்கெனவே அறைக்குள் இருந்தவர் பேசத் தொடங்குவதுபோல் இருக்கும். சுரத்துக்கு முன்னால் மூச்சு கேட்கும். அது காற்றாக இருந்து ஒலியாக மாறும் அந்தக் கணம் காதில் விழும். சாக்ஸபோனின் சாவிகள் மூடித் திறக்கும் ‘டொக் டொக்’ சத்தமும் விழும். ஹெட்ஃபோன் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். மைக்கை அவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வேறு பதிவுகளில் இந்தச் சத்தங்களை அழித்துவிடுவார்கள். இங்கே அதுவும் இசையில் சேர்த்தி.

நமக்கெல்லாம் சாக்ஸபோன் என்றதும் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்ட்டோ. மேற்கத்திய வாத்தியத்தைக் கமகத்துக்கு வளைத்து, வாய்ப்பாட்டு போலப் பேசவைத்தவர். சாண்டர்ஸ் வாசிப்பது டெனர், அளவிலும் பெரியது, குரலிலும் கனம். இவர் இங்கே வேகத்தையோ சிக்கலான ஓட்டத்தையோ காட்டவே இல்லை. ஒரு சுரத்தை எடுத்து அதன் நிறத்தை மட்டும் மாற்றுகிறார். தொடக்கத்தில் பட்டு மாதிரி இருப்பது நடுவில் சொரசொரக்கும், முடிவில் வெறும் காற்றாகும். ‘இந்த ஆள் எத்தனை சுரம் வாசிக்கிறார்’ என்று எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். ‘ஒரு சுரத்துக்குள் எத்தனை நடக்கிறது’ என்று கேட்டால் நாற்காலியை விட்டு எழ மாட்டீர்கள்.

ஜாஸ் என்றாலே தன்னிச்சையாக வாசிப்பது என்பார்கள். இதிலும் அவர் தன்னிச்சையாகத்தான் வாசிக்கிறார். ஆனால் பாதி நேரம் அவர் செய்யும் தேர்வு, வாசிக்காமல் இருப்பது. ஒரு வரி வாசித்துவிட்டு ஏழு சுரம் மூன்று முறை சுற்றி வரும்வரை வாயில் வைக்காமல் இருப்பார். இருபத்து நாலு வயதில் அவரால் இது முடிந்திருக்காது என்பது என் எண்ணம்.

படி 4: நாலாம் பகுதியில் நிறுத்துங்கள்

இந்தப் படி சின்னது. சுமார் இரண்டரை நிமிடம்தான் நாலாம் பகுதி. சாண்டர்ஸ் சாக்ஸபோனை இறக்கிவைத்துவிட்டுக் குரலால் இசைக்கிறார். பாட்டு என்று சொல்ல முடியாது. சொற்கள் கிடையாது. முணுமுணுப்பு, குழறல், நாக்கு உருட்டல். தாத்தா தூங்கும் பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே எதையோ சொல்லிக்கொள்வதுபோல் இருக்கும்.

இதை மட்டும் மூன்று முறை கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே அதற்கு முந்தைய மூன்றாம் பகுதிக்குப் போய் சாக்ஸபோனைக் கேளுங்கள். அதே வாய், அதே மூச்சு. சாக்ஸபோனில் அவர் செய்துகொண்டிருந்ததும் இதே முணுமுணுப்புத்தான் என்பது அப்போது விளங்கும். எனக்கு இந்த ஆல்பம் திறந்தது இந்த இடத்தில்தான்.

படி 5: ஷெப்பர்டின் மறைந்திருக்கும் வேலை

சாம் ஷெப்பர்ட் மான்செஸ்டரில் பிறந்தவர். சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். பிறகு லண்டனில் நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். இரவில் நடன விடுதிகளில் இசைத்தட்டு சுழற்றியவர். 2015இல் அவர் வெளியிட்ட ‘எலேனியா’ ஆல்பத்தை சாண்டர்ஸ் ஒரு வாடகைக் காரில் போகும்போது கேட்டார் என்றும், இதைச் செய்தவரைப் பார்க்க வேண்டும் என்றார் என்றும் சொல்வார்கள். வயது வித்தியாசம் நாற்பத்தைந்து ஆண்டு. 2019 கோடையில் இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்து பதிவுசெய்தார்கள். தந்தி வாத்தியங்கள் 2020இல் லண்டனில் சேர்ந்தன.

மூன்றாவது கேட்பில் சாக்ஸபோனை விட்டுவிட்டு அதன் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள். பியானோ, ஹார்ப்சிகார்ட், செலஸ்டா மட்டுமில்லாமல் ஹேமண்ட் ஆர்கன், ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின்பியானோ, பல பழைய சிந்தசைசர்கள் எல்லாம் வாசித்திருப்பது ஷெப்பர்ட்தான். அப்படியும் ‘இதோ நான்’ என்று எந்த இடத்திலும் தலையை நீட்டவில்லை. நல்ல மிருதங்கக்காரர் பாடகர் ஓங்கும்போது அடங்குவாரே, அந்த மரியாதை தெரியும். சாண்டர்ஸ் ஒரு சுரத்தை நீட்டும்போது அதன் நிழல்போல் ஒரு சிந்தசைசர் ஒலி அடியில் நகரும். சாக்ஸபோன் நின்ற பிறகும் அந்த நிழல் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். எங்கே மனிதர் முடிகிறார், எங்கே இயந்திரம் தொடங்குகிறது என்று கோடு போடப் பாருங்கள். சில இடங்களில் என்னால் இன்னும் போட முடியவில்லை.

படி 6: ஆறாம் பகுதி

எல்லாரும் பேசும் இடம் இதுதான். அதனால் நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அதுவரை வாத்தியக் குழு ஓரமாகத்தான் இருக்கும். இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சந்தேகம் வரும். ஏறக்குறைய ஒன்பது நிமிட ஆறாம் பகுதியில் தந்திகள் முன்னுக்கு வருகின்றன. தந்திகளுக்கு எழுதியவர் ஷெப்பர்ட், நடத்தியவர் சாலி ஹெர்பர்ட். அலை ஒன்று தூரத்தில் கிளம்பிக் கரையை நோக்கி வருவதுபோல் அடுக்கடுக்காக ஏறும். உச்சத்தில் அறை நிறைந்துவிடும். அப்புறம் வடியும்.

இங்கே ஒரு சின்னப் பயிற்சி. அந்த உச்சத்தில் ஏழு சுரத்தைத் தேடுங்கள். அவ்வளவு சத்தத்துக்கு அடியில் அது இருக்கிறதா? தேடும்போது தந்திகளைச் சும்மா அனுபவிக்க முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் இதை முதல் கேட்பில் செய்யச் சொல்லவில்லை.

என் சொந்தக் கருத்து ஒன்று: இந்தப் பகுதி கொஞ்சம் அதிகம். சினிமாவில் நாயகனும் நாயகியும் சந்திக்கும் காட்சிக்குப் போட்டால் பொருந்தும். ஒற்றை மூச்சில் அவ்வளவு சொல்லும் ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இத்தனை வயலின் எதற்கு என்று தோன்றும். ஆனால் இதற்கப்புறம் வரும் ஏழாம் பகுதியில் சாக்ஸபோன் திரும்பும்போது, தனியாக நிற்கும் அந்த ஒலி முன்பைவிட இரட்டிப்புத் தனிமையில் தெரிகிறது. அந்த வித்தியாசம் கிடைக்க அலை வேண்டியிருந்தது போலும். ஏழாம் பகுதியில் போகப்போகப் பழைய ஃபேரோவும் தலைகாட்டுவார். அந்த அறுபதுகளின் கரகரப்பு, ஒரே ஊதலில் பிளவுபடும் சுரங்கள், சுற்றிலும் கொப்பளிக்கும் சிந்தசைசர். ‘கிழவருக்குள் அந்த இளைஞன் இன்னும் இருக்கிறானே’ என்று நிமிர்ந்து உட்காருவீர்கள்.

படி 7: இது என்ன வகை என்ற கேள்வி

இதை எழுத வேண்டாமென்றுதான் நினைத்தேன். ஆனால் யாருக்காவது போட்டுக் காட்டினால் முதல் ஐந்து நிமிடத்தில் இந்தக் கேள்வி வரும், பதில் கையில் இருக்க வேண்டும்.

ஜாஸ் ரசிகர்களில் ஒரு சாரார் இதை ஏற்பதில்லை. ‘ஸ்விங்’ என்கிற ஊஞ்சல் போன்ற தாள நடை இல்லை, டிரம்ஸ் இல்லை, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பதில் சொல்லும் மோதல் இல்லை, அழகான சுவர்க்காகிதம் மாதிரி இருக்கிறது என்பார்கள். முழுக்கத் தப்பு என்று தள்ள முடியாது. பின்னணியில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினால் நிஜமாகவே சுவர்க்காகிதம்தான். சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

செவ்வியல் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் இதை மினிமலிசம் என்பார்கள். அறுபதுகளில் அமெரிக்காவில் கிளம்பிய, குறைந்த சுரங்களை வைத்துத் திரும்பத் திரும்ப நெய்யும் பாணி. ஏழு சுரத்தைப் பார்த்தால் பொருந்தும். ஆனால் மினிமலிச இசையில் திரும்பி வருவதுதான் கதாநாயகன். இங்கே கதாநாயகன் அதன்மேல் மூச்சுவிடும் மனிதர்.

பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கு 2021இல் இது இறுதிப் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியல் பாப், ராக், ராப் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அவர்களுக்கும் வகை பிரிக்கும் அவசியம் இல்லாமல் போனது.

என்னிடம் கேட்டால் இதை ஜாஸ் என்றுதான் சொல்வேன். காரணம் தாளமோ வாத்தியமோ இல்லை. நடுவில் நிற்பவர் அந்த நொடியில் முடிவெடுக்கிறார். இந்தச் சுற்றில் ஊதுவதா, இல்லை விட்டுவிடுவதா? அந்த முடிவு நம் காதுக்கு முன்னால் நடக்கிறது. எழுதிவைத்த இசையில் அந்தத் தயக்கம் கேட்காது. இது என் பதில். நீங்கள் வேறு பதிலோடு வந்தால் சண்டைக்கு வர மாட்டேன்.

படி 8: பக்கத்து வீடுகள்

இந்த ஆல்பத்தை நாலைந்து முறை கேட்ட பிறகு பின்னோக்கிப் போங்கள். முதலில் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, ஏனென்றால் நம் காதுக்கு அதுதான் மிக அருகில். அடுத்து ‘கர்மா’. அதில் நடுவில் வரும் கொந்தளிப்புக்குப் பயப்படாதீர்கள். கடந்து போனால் கரை தெரியும். ‘அசென்ஷன்’ கடைசியில், அதுவும் வீட்டில் யாரும் இல்லாதபோது. அப்புறம் ‘ப்ராமிசஸ்’ பக்கம் திரும்பினால், அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று தெரியும். கத்தத் தெரியாதவரின் அமைதி இல்லை அது.

ஷெப்பர்டின் ‘எலேனியா’வையும் ஒருமுறை கேட்கலாம். ஆனால் அவருடைய நடன இசையை உடனே தேடிப் போகாதீர்கள். இதே ஆளா என்று திகைத்துப்போவீர்கள்.

ஆல்பம் வந்த அடுத்த ஆண்டு, 2022 செப்டம்பர் 24 அன்று, சாண்டர்ஸ் இறந்தார். 81 வயது. ‘ப்ராமிசஸ்’ மேடையில் முழுதாக ஒலித்தது அதற்கு ஓராண்டு கழித்துத்தான். 2023 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில். சாண்டர்ஸின் இடத்தில் சாக்ஸபோன் வாசித்தவர் பிரிட்டிஷ் கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸ். அந்த ஆண்டு முடிவோடு சாக்ஸபோனைக் கீழே வைக்கப்போவதாக அவரும் முன்பே அறிவித்திருந்தார்.

படி 9: கடைசிப் பத்து நிமிடம், விளக்கை அணைத்துவிட்டு

இதை மட்டும் இரவில் செய்யுங்கள். எட்டாம் பகுதியில் ஆர்கன் முன்னுக்கு வரும். சாக்ஸபோன் விடைபெறுவது எந்தக் கணத்தில் என்று கவனித்துப் பாருங்கள். முதல் இரண்டு தடவை நான் தவறவிட்டேன். ‘போய்வருகிறேன்’ என்றெல்லாம் சொல்வதில்லை. கொஞ்ச நேரமாக அவர் பேசவில்லையே என்று நமக்குத்தான் பிற்பாடு உறைக்கும். அப்புறம் ஏழு சுரமும் நின்றுவிடும். தம்புரா நின்றால் தெரியும் என்றேனே, அதுதான் இது. முப்பது நிமிடத்துக்கு மேல் காலடியில் இருந்த தரை இல்லை. மௌனம் நீளும். இந்த இடத்தில் செயலியைத் தொடாதீர்கள்.

அந்த நண்பரை மறுபடி ஒருநாள் இரவு உட்காரவைத்தேன், இந்த முறை ஹெட்ஃபோனோடு. எட்டாம் பகுதி முடியும் இடத்தில் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, தேவைக்கு அதிகமான சத்தத்தில் கேட்டார்: “நின்னுபோச்சா?”

பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். ஒன்பதாம் பகுதியின் தந்திகள் அப்போதுதான் எங்கிருந்தோ கிளம்பிக்கொண்டிருந்தன.